அமாவாசைக் குளியலும் ஒரு வலது கையும்

2025 ஜூலை 24, வியாழக்கிழமை. காலை மணி ஆறு நாற்பது. வெப்பம் இருபத்தேழு டிகிரி. வானத்தில் எட்டில் ஏழு பங்கு மேகம். காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. குடை விரித்தால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். மழை இல்லை. ஒடிசாக் கடற்கரையில் ஒரு பழைய ஹோட்டலின் முன்னால், ஈர மணலில், நான்கு பேர் சேர்ந்து ஒரு மனிதரின் வலது கையை உடைத்தார்கள்.

அந்த மனிதர் ஹோட்டலின் கடல் காவலாளி. குளிக்க வருகிறவர்களைக் கையைப் பிடித்து அலைக்குள் இறக்கி, கையைப் பிடித்தே கரையேற்றுவது அவர் தொழில். கை போனால் தொழில் போயிற்று. அந்தக் கைதான் சரியாக நான்கு நிமிடம் முன்னால் என் மனைவியைத் தண்ணீருக்குள்ளிருந்து இழுத்துப் போட்டிருந்தது. அடித்தவர்களில் நான் இல்லை. ஆனால் உடைந்ததற்குக் காரணம் நான். எப்படி என்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தில்லியில் வானிலைத் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். மூன்று மணிக்கு ஒருமுறை காற்று, வெப்பம், மேகம், ஈரப்பதம் என்று பார்த்துக் குறித்துக் குறித்து, ஓய்வு பெற்றபின்னும் எதையாவது எண்ணாமல் இருக்க முடியாது. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு வருடம். பிறகு யமுனைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் சொந்த ஃபிளாட். அறுபத்து நான்கு படி. என் மனைவி புசா ரோட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. அந்த அறுபத்து நான்கு படியை அவள் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறுவதில்லை.

எங்கள் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு மகள் அந்த ஹோட்டலில் ஐந்து ராத்திரிக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தாவிலிருந்து மூட்டுவலிக்காரர்களும் காசநோய்க்காரர்களும் கடல் நீர் வைத்தியத்துக்கு வந்து தங்கிய இடமாம். இப்போது ஸ்பா.

"ஜூலை மாசம் வங்கக் கடலோரத்துக்கு யாராவது போவாளா?" என்று கேட்டேன்.

"ஸ்பா உள்ளதானேப்பா இருக்கு. கடல் வெளியதானே" என்றாள்.

முப்பத்தொரு தூண் வைத்த வராந்தா. முன்கூடத்தில் பதினோரு மரப்படி. அதில் நான்காவதும் ஒன்பதாவதும் ஆடும். கடலுக்குள் போட்ட குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்து, கொதிகலனில் சூடாக்கி, பன்னிரண்டு குளியல் அறைகளுக்கு அனுப்புகிறார்கள். தொட்டிகள் பழைய பீங்கான் பூச்சுத் தொட்டிகள். ஒன்றில் நாம் இறங்கினால் நமக்கு முன்னால் எத்தனை பேர் இறங்கியிருப்பார்கள் என்ற எண்ணம் வராமல் போகாது. நாற்பது டிகிரி என்று பலகையில் எழுதியிருந்தது. நான் தெர்மாமீட்டர் கொண்டுபோயிருந்தேன். முப்பத்தாறரை.

வைத்தியம் என்ற பெயரில் அங்கே நடந்ததை அடிதடி என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, தீயணைப்புக்காரர்கள் வைத்திருப்பது போன்ற குழாயால் முதுகில் கடல் நீரைப் பாய்ச்சினார்கள். இரண்டாம் நாள் ஒரு தடியர் எண்ணெயைத் தடவி, விரல்களை மடக்கி, தொடையில் நூற்றுப்பன்னிரண்டு குத்து. எனக்குக் கன்றிப் போயிற்று. மூன்றாம் நாள் ஒரு மரப்பெட்டிக்குள் உட்காரவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டுக் கதவை மூடி, உள்ளே ஆவி விட்டார்கள். என் மனைவி எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை. புது வீட்டு வாசல்ல திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்ட பூசணிக்கா மாதிரி இருக்கேள்."

அவளுக்கு அந்த வைத்தியம் பிடித்திருந்தது. முட்டி லேசாகிவிட்டது என்றாள். மூன்றாம் நாள் மாலை பதினோரு மரப்படியையும் கைப்பிடி இல்லாமல் இறங்கிக் காட்டினாள்.

வெளியே கடல் இருந்தது. ராத்திரியும் பகலும் நிமிஷத்துக்கு ஆறு ஏழு தடவை கரையைப் போட்டு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் எங்கள் அறை ஜன்னலின் கண்ணாடி ஒன்று சட்டத்துக்குள் கடகடத்தது. காகிதத்தை மடித்துச் செருகினேன். அதற்குப் பிறகு பக்கத்துக் கண்ணாடி கடகடத்தது.

அந்தக் காவலாளி முதல் நாளே என்னிடம் வந்தார். ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். கரையில் அவர் குப்பம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் காசிமேட்டில் ஏழு வருடம் லாஞ்சில் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகவே பேசினார். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு ஓடிவந்தார்.

"வாங்க சார், நான் எறக்கி உட்றேன். பெரியம்மாவையும் கூட்டியாங்க. ரெண்டு கைலயும் புடிச்சிக்கிறேன். என் கைய வுட்டு இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

நான் மறுத்துவிட்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி அமாவாசை, பௌர்ணமி தவிர வேறு நாளில் கடலில் கால் நனைக்கக் கூடாது. சேது ஒன்றுதான் விலக்கு. வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அன்றைக்கு இருவரும் சேர்ந்து குளித்து, நான் தர்ப்பணமும் செய்துவிடலாம் என்று தில்லியிலிருந்து கிளம்பும்போதே தீர்மானித்து, எள்ளும் தர்ப்பையும் எடுத்து வந்திருந்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் கேட்டார். மூன்று நாளும் இல்லை என்றேன். அந்த மூன்று நாளும் கடல் ஜூலைக் கடலுக்குச் சாதுவாகத்தான் இருந்தது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். புதன்கிழமை சாயங்காலம் வடக்கு வங்கக் கடலில் காற்றழுத்தம் குறைந்து வருவதையும் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பையும் போனில் படித்தேன். அந்த மாதிரி அறிவிப்புகளுக்கான அளவுகளைக் குறித்துக் குறித்துத்தான் என் தலை நரைத்தது. படித்துவிட்டும், ஸ்நானத்துக்காக வழக்கமான ஆறரைக்குப் பதில் ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.

காலையில் மணலுக்கு இறங்கினோம். காவலாளி எதிரே வந்து நின்றுகொண்டார்.

"சார், இன்னிக்கு வேணாம்."

"நேத்து வரைக்கும் வா வான்னு கூப்பிட்டேளே?"

"நேத்து வேற தண்ணி, இன்னிக்கி வேற தண்ணி. அடியில இழுக்குது சார். எங்காளுங்களே இன்னிக்கு படகு எறக்கல. பாருங்க, ஒண்ணாச்சும் இருக்குதா?"

இல்லை. மணலில் ஏற்றிப் போட்டிருந்த படகுகளை எண்ணினேன். பதினேழு.

"அமாவாசைன்னாத்தான் நாங்க கடல்ல குளிக்கணும்" என்றேன்.

"அமாவாசைன்னாத்தான் நாங்க கடலுக்குப் போமாட்டோம்" என்றார் அவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். பிறகு அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "பெரியம்மா, ஸ்டூல் கொண்டாந்து போடறேன், இங்கயே ஒக்காருங்க. ரெண்டு வாளி மொண்டாந்து நீங்க ரெண்டு பேரும் ஊத்திக்கிங்க. கடல் தண்ணிதான அதுவும்?"

"நன்னாத்தானே சொல்றார். அதுவே போறுமே" என்றாள்.

"வாளியில மொண்டா அது கடல் இல்லை."

"அப்போ மூணு நாளா உள்ள தொட்டியில என்னத்துல ஊறினேள்?"

"அது வைத்தியம். இது ஸ்நானம்."

"ரெண்டுலயும் உப்புதான் இருக்கு."

நான் கோபித்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து அலைகளை எண்ணத் தொடங்கினேன். ஒன்பது விநாடிக்கு ஓர் அலை. பெரிய அலைகள் ஐந்து அல்லது ஆறு சேர்ந்தாற்போல் வந்தன. அதற்குப் பிறகு நாற்பது விநாடிக்குக் கடல் சும்மா கிடந்தது. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் நாற்பதுக்குக் குறையவில்லை. ஒரு முழுக்குக்கு ஆறு விநாடி வைத்தால் மூன்று முழுக்குக்குப் பதினெட்டு. உள்ளே போக எட்டு, திரும்ப எட்டு. முப்பத்து நான்கு. ஆறு விநாடி மிச்சம். இதை அவரிடம் விளக்கினேன். வானிலைத் துறையில் முப்பத்தாறு வருடம் என்பதையும் சொன்னேன்.

"நீங்க மேல பாத்தவரு சார். நான் கீழ பாக்கறவன்" என்றார். பிறகு, நான் கேட்கப் போவதில்லை என்று தெரிந்ததும், "சரி, முட்டிவரைக்குந்தான். பெரியம்மா கைய நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.

அதற்கும் நான் ஒப்பவில்லை. தம்பதியாகச் செய்யும் ஸ்நானத்தில் மூன்றாவது ஆள் தொடக் கூடாது. என் மேல்வேஷ்டியை இடுப்பில் சுற்றி, அதன் நுனியையும் அவள் புடவைத் தலைப்பின் நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். கல்யாணமான வருடம் சேதுவில் அப்படித்தான் குளித்தோம். சேதுவில் கடல் குளம் மாதிரி இருக்கும். அவிழ்ந்துவிடக் கூடாது என்று இரண்டாவது முடிச்சும் போட்டேன். காவலாளியைப் பத்து அடி பின்னால் நிற்கச் சொன்னேன். அவர் ஐந்து அடியில் நின்றார்.

ஆறாவது பெரிய அலை போனதும் இறங்கினோம். எட்டு விநாடி. முதல் முழுக்கு. இரண்டாவதில் நான் எழுந்தபோது மணல் காலுக்கடியில் ஓடியது. கம்பளத்தை யாரோ உருவுவதுபோல் இருந்தது. இருபத்திரண்டாவது விநாடி என்று நினைக்கிறேன், அதற்குள் வந்துவிட்டது. அலை என்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. சுவர் ஒன்று காலில்லாமல் நடந்து வந்தது. நெஞ்சில் அடித்து, மல்லாத்தி, முகத்தை மணலில் போட்டுத் தேய்த்தது. பிறகு என்னைத் திருப்பிக் கடலுக்குள் இழுத்தது. என்னை இழுத்தபோது முடிச்சு அவளை இழுத்தது. புடவை ஒரு சுற்று அவள் கழுத்தில் ஏறிவிட்டது. நான் எவ்வளவு தூரம் உருண்டேனோ அவ்வளவுக்கு அது இறுகியது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது வாய் நிறைய மணலும் உப்பும், காதுக்குள் ஒரு உறுமலும் மட்டும்தான். கையில் எதுவோ அகப்பட்டது. அது அவள் தோள். உயிருக்குப் போராடுகிறவன் எப்படிப் பிடிப்பானோ அப்படிப் பிடித்தேன். அவளைக் கீழே அழுத்தி, அவள் மேல் ஏறி மூச்சு விட்டேன். இதை எழுதாமல் விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அவர் வந்து அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். நான் விடவில்லை. என் மூக்கில் ஒரு குத்து விட்டார். எலும்பு நொறுங்கும் சத்தம் தலைக்குள் கேட்டது. கை தளர்ந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த முடிச்சு அவிழுமா? கழுத்துச் சுற்றை உருவி, புடவையைக் கொசுவத்தோடு பிடுங்கி, அவளை அதிலிருந்து உரித்தெடுத்தார். ஜாக்கெட்டும் பாவாடையுமாக மணலில் இழுத்துப் போட்டார். திரும்ப ஓடிவந்தார். அடுத்த அலை அவரையும் என்னையும் சேர்த்துப் புரட்டியது. என் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். என் இடுப்பிலிருந்து அவளுடைய ஆறு கஜமும் பின்னால் வந்தது.

அவள் நீலமாக இருந்தாள். அவர் அவளைக் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். திருப்பிப் போட்டு, விலாவில் இரண்டு கையையும் வைத்து முழு பாரத்தோடு அமுக்கினார். கன்னத்தில் மாற்றி மாற்றி அறைந்தார். "அம்மா, மூச்சு உடு! உடும்மா!" ஏழாவது அறைக்கு அவள் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. இருமினாள்.

அப்போதுதான் அந்த நான்கு பேர் வராந்தாவிலிருந்து குதித்து ஓடிவந்தார்கள்.

தில்லிப் பையன்கள். இருபத்தைந்து வயதுக்குள். நல்ல பிள்ளைகள், அதுதான் கஷ்டம். இரண்டு நாள் முன்பு காலைச் சாப்பாட்டின்போது, "அங்கிள், ஆப் பீ தில்லி ஸே?" என்று கேட்டு, ஊர்க்காரர் என்று தெரிந்ததும் எங்கள் இருவர் காலையும் தொட்டார்கள். என் மனைவியின் தட்டை ஒருவன் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தான். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: புடவை இல்லாமல் கிடக்கும் ஒரு கிழவி, அவள் மேல் குனிந்து அறைந்துகொண்டிருக்கும் ஒரு கறுத்த மனிதன், பக்கத்தில் முகமெல்லாம் ரத்தத்தோடு புருஷன்.

"அபே! ஆன்ட்டி கோ மார் ரஹா ஹை!" ஆன்ட்டியை அடிக்கிறான் என்று கத்தினார்கள்.

ஒருவன் ஓடிவந்த வேகத்தில் அவர் காதோரம் உதைத்தான். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார், தெலுங்கு வந்தது. இரண்டாமவன் மணலில் நட்டிருந்த குடையின் கம்பைப் பிடுங்கினான். கனமான மூங்கில். முதல் அடி முதுகில். இரண்டாவது தோளில். நான் எண்ணினேன்.

தில்லியில் ஐம்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன். அங்கே கூட்டம் ஒருவனைப் போட்டு அடிப்பதைப் பார்க்காமல் யாரும் அவ்வளவு நாள் இருக்க முடியாது. சரோஜினி நகர் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஜேப்படிக்காரன், இருபத்தாறு அடி. மோட்டார் சைக்கிளை உரசிவிட்ட ஆட்டோக்காரன், ஒன்பது. சீக்கியர்களை வீடு வீடாகக் கொளுத்திய எண்பத்து நான்கு நவம்பரில் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நின்று, நகரத்தில் எழும்பிய புகைகளை எண்ணினேன். முதல் நாள் மாலை பதினொன்று, மறுநாள் காலை முப்பத்தெட்டு. பார்வைத் தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றுகூட மனத்துக்குள் கணக்கிட்டேன். கீழே இறங்கவில்லை. நாங்கள் மதராசிகள், இது நம் சண்டை இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எண்ணிக்கொண்டிருந்தால் அங்கே நிற்கிற ஆள் நான் இல்லை, ஏதோ ஒரு கருவி நிற்கிறது என்று ஆகிவிடும்.

ஐந்து, ஆறு. அவர் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினார். தொண்டையில் தண்ணீர் இருந்ததால் என்னால் பேச முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். ஏழாவது அடிவரைக்கும் அது உண்மை. எட்டாவது விழுவதற்குள் எனக்கு மூச்சு வந்துவிட்டது. நிறுத்து என்பதற்கு இந்தியில் "பஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூக்கு வலித்தது. ஒரு குப்பத்து ஆள் என்னைக் குத்தினான் என்பது அந்த வலிக்குள் இருந்தது. என் மனைவியை அவன் அப்படித் தொட்டான் என்பதும் இருந்தது. பதினொன்றாவது அடியில் கை முறிந்தது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகும் மூன்று.

நிறுத்தியது அவள். பாவாடை ஜாக்கெட்டோடு, வைத்தியம் பார்த்த முட்டியை மணலில் ஊன்றி எழுந்து, கம்புக்கும் அவருக்கும் நடுவில் போய் விழுந்தாள். குரல் வரவில்லை. குடைக் கம்பை வைத்திருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அங்கிள்?" என்றான்.

அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் ஒரே வண்டியில் போனோம். அவளுக்கு விலாவில் இரண்டு எலும்பு விரிசல், நுரையீரலில் தண்ணீர், பெரிய ஊருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். என் மூக்கில் பஞ்சு வைத்தார்கள். காவலாளியின் கையை ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து வைத்துக் கட்டி, வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

ஹோட்டல் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். ஆங்கிலத்தில், டைப் அடித்து. ஹோட்டலின் எச்சரிக்கையை மீறி, ஹோட்டலைச் சேராத ஒரு நபர் விருந்தினரைக் கடலுக்குள் அழைத்துப்போய்த் தகாத முறையில் நடந்துகொண்டார். மற்ற விருந்தினர்கள் தலையிட்டுக் காப்பாற்றினார்கள். இதுதான் சாரம்.

"சிம்ப்ளி ஃபார்மாலிட்டி, சார். போலீஸுக்கு ஒரு காப்பி. நீங்க ஸைன் பண்ணினா வண்டி ரெடி. மேடத்துக்கு டைம் ஆறது பாருங்கோ." அவர் கல்கத்தாக்காரர், சென்னையில் படித்தவராம். எழுத்துப் பிழை நான்கு இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

உட்கார வேறு இடமில்லை. அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா எப்பிடி சார்?"

"ரெண்டு எலும்பு விரிசலாம்."

"நான் அமுக்கினதுதான் சார். மன்னிச்சிக்கிங்க." மூச்சை இழுத்து விட்டார். வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. "உங்க மூக்கும் நான்தான். நீங்க உடலையே, என்னா பண்றது?"

பேச வராதபோது எனக்கு எண்தான் வரும். "பதினாலு அடி" என்றேன்.

"என்னா சார்?"

"உங்களை அடிச்சது. பதினாலு. பதினொண்ணாவதுலதான் கை போச்சு."

அவர் இடது கையால் அந்த அட்டைக் கட்டைத் தடவினார்.

"பதினாலா? நான் பத்துன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, கோபமில்லாமல், விசாரிப்பது போலவே, "எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்து மனைவியிடம் போனேன். வண்டியில் ஏற்றுவதற்காக ஸ்ட்ரெச்சரில் உட்காரவைத்திருந்தார்கள். கம்பளி ஒன்றைப் போர்த்தியிருந்தாள்.

"அந்த மேனேஜர் என்னமோ வாங்கிண்டு போனாரே, அதுல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"படிச்சுட்டுத்தான் போட்டேளா, படிக்காம போட்டேளா?"

"படிச்சுட்டுத்தான்."

"அவரை உள்ள போட்டுடுவா. அந்தக் கையோட" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டாள். "போய் அதை மாத்தி எழுதிக் குடுத்துட்டு வாங்கோ. அதுவரைக்கும் நான் இந்த வண்டியில ஏறமாட்டேன்."

"உனக்கு மூச்சே சரியா—"

"அந்த மூச்சு யார் குடுத்தது? போங்கோ." நான் நாலடி நடந்ததும் கூப்பிட்டாள். "நான் கீழ கெடந்தப்போ உங்களைத்தான் பாத்துண்டிருந்தேன். ஏன் ஒண்ணும் சொல்லலே?"

நான் மூக்கிலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.

"அதையும் எழுதுங்கோ" என்றாள்.

காவல் நிலையம் அறுநூறு அடி தள்ளி. ஆங்கிலத்தில் பதினேழு பத்தி எழுதினேன். காவலாளி மறுத்தது, வாளி கொண்டுவருகிறேன் என்றது, முடிச்சு, நான் என் மனைவி மேல் ஏறியது, பதினான்கு அடியில் எது எந்த இடத்தில் விழுந்தது, எவன் அடித்தது. பன்னிரண்டாவது பத்தி: எட்டாவது அடிக்கு முன்பே என்னால் பேச முடிந்தது, நான் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் படித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் பேனாவை வைத்தார். "யே ஹடா தீஜியே, பாபுஜி. இஸ்கி ஸரூரத் நஹீன்." இது தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். உறுதியெல்லாம் ஒன்றுமில்லை. அவள் கேட்பாள் என்ற பயம்.

நான் திரும்பிப் போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். வண்டியில் அவருக்கும் இடம் வேண்டும் என்றாள். டிரைவர் முணுமுணுத்தார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த முன் சீட்டிலிருந்து ஒரு முனகல் வந்தது. நான் எண்ணாமலிருக்க ஜன்னலை இறக்கிவிட்டுக் கொண்டேன்.

அவரை உள்ளே போடவில்லை. பையன்களையும் போடவில்லை; மறுநாளே அப்பாக்கள் விமானத்தில் வந்து இறங்கி, இரண்டு பக்கமும் சமரசம் என்று ஒரு தாளில் அவருடைய இடது கைப் பெருவிரலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பு வைத்திருந்தவன் மட்டும் தில்லியில் எங்கள் வீட்டுக்கு வந்தான். அறுபத்து நான்கு படியும் ஏறி வந்து, கதவருகே நின்று அழுதான். அவள் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். நான் அவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எட்டாவது அடிக்கு முன்பே நான் வாயைத் திறந்திருந்தால் அவன் அந்தக் கம்பைக் கீழே போட்டிருப்பான்.

ஹோட்டல் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. கையில் தகடு ஒன்றும் திருகாணி ஏழும் வைத்தார்கள். டிசம்பரில் போனில் பேசினேன். கை தோள்வரைக்கும் ஏறுகிறது, அதற்கு மேல் இல்லை. விரல்கள் சோற்றைப் பிடிக்கும், கயிற்றைப் பிடிக்காது. இன்னொருவர் கையை அலைக்குள் பிடித்து நிற்கிற பிடி வராது, சார், என்றார். இப்போது ஒரு முந்திரிக் கிடங்கில் காவல்.

அவர் அறுவை சிகிச்சை, வேலையில்லாத ஐந்து மாதத்துக்கு அவர் வீட்டுக்கு அனுப்பியது, அவள் விலா, என் மூக்கு, போக்குவரத்து எல்லாம் என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்தேன். மகளிடம் வாங்கவில்லை, வாங்கக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மொத்தம் மூன்று லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து ரூபாய்.